இருபத்திரண்டு படி

கே.கே. நகர், மதுரை
6.7.2025

அன்புள்ள தம்பி செல்வக்குமாருக்கு,

அக்கா சுபலட்சுமி எழுதுவது. நானும் உன் மச்சானும் பாண்டிமீனாவும் நல்ல சுகம். அய்யாவைச் சேர்த்து எழுத முடியவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? அங்கே குளிர் குறைந்ததா?

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். வாரத்துக்கு ஒருமுறை நீ பட்டாளத்து ஃபோனில் பேசும் ஐந்து நிமிடமும் அய்யா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார். இது அவர் காதுபடப் பேச முடியாத விஷயம்.

அவருடைய கல்லீரல் கெட்டுவிட்டது. எப்போதோ வந்த மஞ்சள்காமாலைக் கிருமி உள்ளேயே தங்கிச் சுருக்கிவிட்டதாம். சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனுசனை, விசாரிக்க வருகிறவர்கள் எல்லாம் "குடிப்பாரோ?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். இந்த வருசக் கடைசிக்குள் ரத்த சொந்தத்தில் ஒருவர் ஈரலில் பாதியைக் கொடுக்க வேண்டும். கொடுத்தவருக்கு மறுபடி வளர்ந்துவிடும் என்கிறார் டாக்டர்.

அய்யா பிடிவாதமாக இருக்கிறார். "எம் மகன் குடுப்பான். பட்டாளத்துல ஓடி ஓடி ஒடம்ப இரும்பா வச்சிருக்கான். கட்டிக் குடுத்த பொண்ணுகிட்ட நான் கை நீட்ட மாட்டேன்" என்கிறார். பெண்ணுக்குச் செய்யலாம், பெண்ணிடம் வாங்கக் கூடாது. நம் வழக்கம் உனக்குத் தெரியாததா?

அவருக்குத் தெரியாமல் நான் பரிசோதனை செய்துகொண்டேன். ரத்தம் சேர்கிறது. ஆனால் ஸ்கேனில் என் ஈரலிலும் கொழுப்பு. எண்பத்தொரு கிலோ இருக்கிறேன். நவம்பருக்குள் எட்டு கிலோ குறைத்தால் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்களாம். உன் மச்சான் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

இரண்டு கேள்வி. உனக்கு எப்போது லீவு, பரிசோதனை எப்போது எடுப்பாய்? நீ முந்திக்கொண்டால் எனக்கு இந்தப் பாடே இல்லை. அடுத்தது, நடையா, ஓட்டமா, கயிறு தாண்டுவதா, சைக்கிளா, எதைச் செய்தால் கொழுப்பு சீக்கிரம் கரையும்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா சுபலட்சுமி


முகாம்
21.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அய்யா, மச்சான், பாண்டிமீனா எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அழுகை வந்தது. நீ கவலைப்படாதே. கொழுப்பு கரைய ஓட்டத்தை மிஞ்சி ஒன்றும் இல்லை. இங்கே காலை ஐந்து மணிக்கு விசில் ஊதிவிடுவார்கள், ஐந்து கிலோமீட்டர். முதல் வாரம் உயிர் போகும், அப்புறம் பழகிவிடும். வெறும் வயிற்றில் ஓடு. நல்ல ஷூ வாங்கு, செருப்போடு ஓடாதே. வயிற்றை மட்டும் குறைக்கிறேன் என்று யாராவது பெல்ட் விற்றால் வாங்கிவிடாதே. உடம்பு தன் இஷ்டப்படிதான் கரையும்.

அய்யாவுக்கு உப்பைக் குறை. லீவு விஷயம் பார்க்கிறேன்.

பாசமுள்ள தம்பி,
செல்வக்குமார்


கே.கே. நகர்
10.8.2025

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் இருக்கிறோம். நீ சுகமா?

உன் பேச்சைக் கேட்டு ஓடினேன். நான்காம் நாள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு விண்விண் என்று தெறித்தது. ஸ்கூல் ஆபீஸில் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. நீ இருபது வயதில் ஓடப் பழகியவன். நான் முப்பத்தொன்பது வயதில் ஃபைலைத் தவிர எதையும் துரத்தியதில்லை.

சரி, நடப்போம் என்று பக்கத்து வீட்டு ராதாமணி அக்காவோடு பூங்காவுக்குப் போனேன். அவர்கள் சௌராஷ்டிரக் குடும்பம், தங்கமான மனுசி. நான்கு சுற்று நடப்போம், நான்கிலும் மருமகள் கதை. ஐந்தாவது சுற்றுக்குப் பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் டப்பாவைத் திறப்பார்கள். "நடந்த களைப்புக்கு ரெண்டு வாய் போட்டுக்க சுபா" என்று புளியோதரையை நீட்டினால் எப்படி மறுப்பது? ஒரு வாரம் நடந்தேன். முந்நூறு கிராம் கூடியிருந்தது.

கயிறு தாண்டினேன். மூன்றாம் நாள் கீழ்வீட்டு ஓனர் மேலே வந்து, ஃபேன் ஆடுகிறது என்றார்.

எனக்கு வருகிற ஆத்திரம் வேறு. தினமும் காலையில் கீழே குழாயடியிலிருந்து ஆறு குடம் தண்ணீரை இருபத்திரண்டு படி ஏறித் தூக்குகிறேன். பதினாலு வருசமாகத் தூக்குகிறேன். இது எதிலும் சேராதாம். ஒரு குடம் தூக்கி இறக்கி, பால் பொங்குகிறதா என்று பார்த்து, அடுத்த குடம். விட்டு விட்டுச் செய்வதால் பலன் இல்லையாம். வீட்டு வேலையைக் கணக்கில் எடுக்காதது டாக்டர்களுமா என்று இருக்கிறது.

இன்றைக்கு எண்பதரை. ஒரு மாதத்தில் அரைக் கிலோ.

லீவு "பார்க்கிறேன்" என்றால் என்ன அர்த்தம்? பரிசோதனைக்கு லீவே வேண்டாமே. உங்கள் பட்டாளத்து ஆஸ்பத்திரியிலேயே ரத்தமும் ஸ்கேனும் எடுத்து அனுப்பேன்.

கோபத்தோடும் பிரியத்தோடும்,
அக்கா


முகாம்
19.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல்.

முன்னெலும்பு வலிக்கு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வை. ஒரு வாரம் ஓடாதே. தினமும் எடை பார்க்காதே. பார்த்தால் வெறுத்துப்போய் இன்னும் ரெண்டு இட்லி உள்ளே போகும். வாரம் ஒருநாள், அதே கிழமை, அதே நேரம் பார். மூச்சு வாங்கும்போது அவமானமாகத்தான் இருக்கும். எல்லோரும் நம்மையே பார்க்கிற மாதிரி இருக்கும். பொருட்படுத்தாதே.

வலி தீர்ந்ததும் இப்படிச் செய். ஒரு நிமிடம் வேகமான ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படிப் பத்துத் தடவை. முக்கியமான விஷயம், அந்த ஒரு நிமிடத்தில் யார் கூப்பிட்டாலும் நிற்கக் கூடாது. திரும்பியும் பார்க்கக் கூடாது. நின்றால் பலன் போய்விடும்.

ராதாமணி அக்காவை விட்டுவிடு. டீயில் சீனியையும் விட்டுவிடு.

அய்யாவிடம் தைரியமாக இருக்கச் சொல்.

தம்பி
செல்வக்குமார்


கே.கே. நகர்
31.8.2025

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அய்யாவுக்குக் கால் வீக்கம் முழங்கால்வரை ஏறிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் சரண்யாதேவி என்கிற பெண்ணிடம் போனேன். பாண்டிமீனாவைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். நடை, ஓட்டம், கயிறு, எல்லாம் சொல்லி முடித்து, எதுதான் நல்லது என்று சண்டைக்குப் போகிற மாதிரி கேட்டேன். "அக்கா, மூணு மாசம் நிறுத்தாமச் செய்ய உங்களால எது முடியுமோ அதுதான் நல்லது" என்றாள். வேகத்துக்கும் அளவு சொன்னாள். பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாரம் ஐந்து நாள், முக்கால் மணி நேரம். சாப்பாட்டுத் தட்டில் சோறு பாதி, காய் இரண்டு பங்கு.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். பாண்டிமீனாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் படிக்கட்டுக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. எண்ணெய் போட்டு எடுத்தேன். காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு திரும்புகிறேன். முழங்காலும் வலிக்கவில்லை, யாரும் புளியோதரையும் நீட்டவில்லை. எண்பது.

இனி உன் விஷயம். மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். பரிசோதனை எடுத்தாயா இல்லையா? ஐஸ் கட்டி வைப்பது, எடை பார்த்து வெறுப்பது, மூச்சு வாங்கும் அவமானம், இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? நீ ஒருநாளும் குண்டாக இருந்ததில்லையே. ஒரு போட்டோ அனுப்பு. அய்யா கேட்கிறார்.

இன்னொன்று, உறையை என்ன வைத்து ஒட்டுகிறாய்? சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பட்டாளத்தில் கோந்துகூடக் கொடுக்க மாட்டார்களா?

பதில் போடு.
அக்கா


கே.கே. நகர்
21.9.2025

தம்பி செல்வக்குமாருக்கு,

நலமா என்று கேட்கக்கூட எரிச்சலாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன், நலமா?

மூன்று வாரமாகப் பதில் இல்லை. ஃபோனிலும் அய்யாவிடம் மழை பெய்ததா, வெங்காயம் என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். என்னிடம் பேச நேரமில்லை. அய்யா ஃபோனைக் கீழே வைத்ததும் யார் வந்தாலும் சொல்கிறார், "மகன் லீவு கேட்டிருக்கான். வந்துருவான்." நீ அப்படிச் சொன்னதாக என் காதில் விழவே இல்லை.

எழுபத்தெட்டு. சோற்றைப் பார்த்தால் கண்ணில் நீர் வருகிறது. பாண்டிமீனா பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டு தின்றுவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன். அய்யா இதெல்லாம் அழகுக்காக என்று நினைத்து, "இந்த வயசுல என்ன கோலம் இது" என்கிறார். அதையும் கேட்டுக்கொண்டு மிதிக்கிறேன்.

நீ பயப்படுகிறாயா? பயந்தால் பயம் என்று எழுது. தப்பில்லை. வாயைத் திறந்து ஏதாவது ஒன்றைச் சொல்.

அக்கா


முகாம்
28.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கடிதங்கள் கிடைத்தன. வேலை அதிகம். இங்கே பனி ஆரம்பித்துவிட்டது. போட்டோ இத்துடன் வைத்திருக்கிறேன். சைக்கிளில் சீட்டைக் கொஞ்சம் உயர்த்திக்கொள், முட்டிக்கு நல்லது. மூன்று கிலோ குறைந்தது சாதாரண விஷயம் இல்லை. உன்னால் முடியும்.

தம்பி


கே.கே. நகர்
9.10.2025

தம்பிக்கு,

போட்டோ வந்தது. மலை இருக்கிறது, பனி இருக்கிறது, ஒரு ஜீப் இருக்கிறது. நீ எங்கே?

இங்கே நடந்த கூத்தைக் கேள். போன வாரம் வெங்காயம் பிடுங்குவதைப் பார்க்க நான் மட்டும் ஊருக்குப் போனேன். அங்கே சைக்கிள் இல்லை. ஒருநாள் விட்டால் ஏறிவிடுமோ என்கிற பயத்தில், காலை ஆறு மணிக்கு உன் ஒரு நிமிட ஓட்டத்தை உசிலம்பட்டி ரோட்டில் ஆரம்பித்தேன். பால் சொசைட்டி வாசலில் செல்லத்தாய் மதினி நின்றார்கள். "ஏத்தா சுபா, எங்க இம்புட்டு வெரசா ஓடுற? அய்யாவுக்கு என்ன?" என்று கூப்பிட்டார்கள். நீதான் எழுதியிருந்தாயே, யார் கூப்பிட்டாலும் நிற்காதே, திரும்பிப் பார்க்காதே என்று. நான் நிற்கவில்லை.

நம் ஊரில் விடியற்காலையில் ஒரு பொம்பளை தலைமுடி கலைந்து ஓடினால் அதற்கு ஒரே காரணம்தான். மதுரையில் அய்யா காளை செத்துப்போனார் என்று அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். நான் ஓடி முடித்து, குளித்து, களத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊரில் பாதிப் பேர் மதுரைக்கு வண்டி ஏறியிருந்தார்கள்.

நம் தாய்மாமன் ஆண்டிச்சாமி, மாலையும் கோடி வேட்டியுமாகப் பன்னிரண்டு பேரோடு என் வீட்டு மாடி ஏறியிருக்கிறார். அய்யா கூடத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாராம். மாமா மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாராம். அய்யாதான், "வா மாப்ள. கோடி எனக்கா? கொண்டா, நல்ல நூலாத்தான் இருக்கு, நானே உடுத்திக்கிறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டாராம்.

மத்தியானம் நான் போய்ச் சேர்ந்ததும் எல்லோர் முன்னாலும் கேட்டார், "எதுக்குத்தா ஓடுன?" பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஈரல், ஸ்கேன், எட்டு கிலோ, எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் மாமாவைப் பார்த்து, "இவ எதுக்குக் குடுக்கணும்? எம் மகன் குடுப்பான்" என்றார். மாமா, "பின்ன, மகன் எதுக்கு இருக்கான்?" என்றார். பன்னிரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள்.

இப்போது ஊரே உன்னை எதிர்பார்க்கிறது. நான் எழுபத்தாறு. என்னிடம் வாங்க மாட்டார். நீ வாய் திறக்க மாட்டாய். நடுவில் அவர் வயிறு நீர் கோத்து உப்பிக்கொண்டே போகிறது.

அக்கா


முகாம்
7.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

உன் முதல் கடிதம் வந்த வாரமே பரிசோதனை எடுத்துவிட்டேன். ரத்தம் சேர்கிறது. ஸ்கேனில் உன்னைவிட மோசம். கொழுப்பு மட்டும் இல்லை, ஈரல் வீங்கியிருக்கிறது. குளிருக்கு என்று ஆரம்பித்த ரம் இரண்டு வருசமாகத் தினமும் ஆகிவிட்டது. டாக்டர் என் முகத்தைப் பார்த்து, "நீ கொடுக்கிற ஆள் இல்லை, இப்படியே போனால் ஒருநாள் கேட்கிற ஆள்" என்றார்.

நான் தொண்ணூற்றாறு கிலோ அக்கா. ஸ்டோரில் கணக்குப் பார்க்கிற வேலைக்கு மாற்றி இரண்டு வருசமாகிறது. ஐந்து மணி விசில் என்று எழுதினேனே, அது உடம்பு பெருத்தவர்களைத் தனியாக நிறுத்தி ஓடவிடும் விசில். உனக்கு நான் எழுதின யோசனையெல்லாம் தினமும் இங்கே என்னைப் பார்த்து அவர்கள் கத்துவது. ஐஸ் கட்டி நான் வைத்துக்கொண்டது. அவமானம் என்னுடையது. நீ எண்பதிலிருந்து இறங்க இறங்க, நான் உனக்கு ஓடச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சாராயத்தை மோந்து பார்க்காத அய்யாவிடம் எப்படிச் சொல்வேன்? இரும்பு என்கிறார். ஃபோனில் அவர் குரலைக் கேட்டால் வெங்காயத்தைத் தவிர எனக்கு வேறு எதுவும் வாயில் வருவதில்லை.

அக்டோபர் பத்திலிருந்து குடிக்கவில்லை. அதைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

செல்வக்குமார்


கே.கே. நகர்
16.11.2025

செல்வக்குமாருக்கு,

நாலு மாசம். முதல் வாரத்திலேயே தெரிந்த விஷயத்தை நாலு மாசம் மறைத்திருக்கிறாய். நீ கொடுக்க முடியாது என்று ஜூலையிலேயே எழுதியிருந்தால், அய்யாவோடு மல்லுக்கட்ட எனக்கு நாலு மாசம் கிடைத்திருக்கும். சைக்கிள் சீட்டை உயர்த்தச் சொன்னதற்கு ரொம்ப நன்றி.

எழுபத்து மூன்று. நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். சுத்தமாக இருக்கிறது, நான் கொடுக்கலாம். சரண்யாதேவி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்குச் சந்தோசம் வரவில்லை. கொடுக்கத் தயாராக நான் இருக்கிறேன், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அய்யா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். டிசம்பர் பத்தாம் தேதி நாள் குறித்திருக்கிறார்கள். அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

உன் கதையை அவரிடம் நான் சொல்லப்போவதில்லை. அது நீ சொல்ல வேண்டியது. கடுதாசியை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.

குடிக்காமல் இரு. திட்டுவதற்காவது நீ எனக்கு வேண்டும்.

அக்கா


கே.கே. நகர்
23.11.2025

மகன் செல்வக்குமாருக்கு அய்யா காளை எழுதிக்கொண்டது.

நான் இருக்கிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும்.

தபால்காரர் பதினோரு மணிக்கு வருவார். அந்த நேரம் உன் அக்கா ஸ்கூலில், மச்சான் வேலையில். கடுதாசியை வாங்குவது நான்தான். ஜூலையிலிருந்து எல்லாவற்றையும் பிரித்துப் படித்துவிட்டு, சோற்றைத் தடவி ஒட்டி வைத்தேன். அவளுக்கு இன்னும் தெரியாது.

உன் முதல் கடுதாசியில் ஓட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. லீவைப் பற்றி ஒரு வரிதான், அதுவும் கடைசியில். அன்றைக்கே உன்னால் ஆகாது என்று தெரிந்துவிட்டது. ஏன் என்றுதான் தெரியவில்லை. இப்போது தெரிந்தது. வருகிறவர்களிடம் எல்லாம் "எம் மகன் குடுப்பான்" என்று நான் சொன்னது நம்பி அல்ல. நாலு பேர் முன்னால் உன்னை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அவள் சைக்கிளில் போவதை ஜன்னலில் நின்று தினமும் பார்த்தேன். அழகுக்கு என்று ஏசினேனே, அப்படி ஏசினாலாவது நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. எனக்காக ஒரு பிள்ளை இப்படி இளைத்து நிற்கும்போது, இது வழக்கம் இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு செத்தால் அது மானமா? நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு உங்கள் மாமன் கொண்டுவந்த வேட்டியைத்தான் கட்டிக்கொண்டு போனேன்.

பெண்ணிடம் வாங்கினால் சீர் செய்ய வேண்டும். நான் படுத்த ஆள், நீதான் செய்ய வேண்டும். வருசத்துக்கு உள்ள அறுபது நாள் லீவையும் மொத்தமாகப் போட்டு வா. தொந்தியோடே வா, யாரும் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆபரேஷனுக்கு அப்புறம் மூன்று மாதம் அவள் கனம் தூக்கக் கூடாதாம். மச்சான் விடியுமுன்னே வேலைக்குப் போகிறவர்.

காலையில் ஆறு குடம். இருபத்திரண்டு படி. நான் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

அய்யா
காளை